இரவில் மெதுவாகத் துடிக்கும் இதயம், பகலெல்லாம் களைப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மட்டக்களப்பில் முப்பது வருடத்துக்குக் கிட்ட ஈ.சி.ஜி. எடுத்தவள் நான். டொக்டர் இல்லை. குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்ல மாட்டேன். எதைக் கவனிக்க வேண்டும், கிளினிக்கில் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம்.

கல்லடியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, வயது 26. பின்னேரம் ஃபுட்போல் விளையாடுவேன். இரவில் ஸ்மார்ட் வோச் 43 காட்டுது. ஒரு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும்புவேன். பகலில் ஒரே களைப்பு.

தம்பி, நிமிடத்துக்கு 60 முதல் 100 என்பது விழித்திருப்பவருக்கான கணக்கு. தூங்கும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தை அடக்கி வைக்கும். விளையாடிப் பழகிய உடம்பில் 40க்குக் கீழேயும் போகும். மயக்கம் வருவதில்லை, ஓடும்போது துடிப்பு நன்றாக ஏறுகிறது என்றால் இந்த 43 உங்களைக் களைக்க வைக்கவில்லை. நாலரை மணி நேரத் தூக்கம்தான் களைக்க வைக்கிறது. மன ஆறுதலுக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. வோச் தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தை ஒளியால் பார்த்து எண்ணுகிறது. இடையில் முந்திக்கொண்டு வரும் துடிப்பு பலவீனமாக இருந்தால் அதை விட்டுவிடும். கையில் 38 எண்ணியவருக்கு ஈ.சி.ஜி.யில் 76 இருந்ததை நானே எடுத்திருக்கிறேன்.

காத்தான்குடியிலிருந்து ஒரு தங்கச்சி: வாப்பாவுக்கு 64 வயது. பிரஷருக்கு அட்டெனலோல் குடிக்கிறார், கண் பிரஷருக்குச் சொட்டு மருந்து விடுகிறார். பகலிலேயே நாடி 46. பள்ளிவாசலுக்கு நடந்து போகவும் ஏலாமல் இருக்கு.

கண் மருந்தையும் எழுதினீர்களே, அது மிக நல்லது. அனேகமானோர் அதை மருந்தாகவே சொல்வதில்லை. போத்தலில் டிமோலோல் என்று இருக்கிறதா பாருங்கள். டிமோலோலும் அட்டெனலோலும் பீட்டா புளொக்கர் என்ற, துடிப்பை மெதுவாக்கும் ஒரே மருந்துக் குடும்பம். கண்ணில் விட்ட சொட்டு மூக்குக்குள் இறங்கி இரத்தத்தில் கலந்துவிடும். அப்போது இரண்டும் சேர்ந்து நாடியை இழுத்துப் பிடிக்கும். கண் கிளினிக் கொப்பி வேறு, பிரஷர் கிளினிக் கொப்பி வேறு என்றால் ஒரு டொக்டர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போகலாம். இந்தக் கிழமையே இரண்டு கொப்பியையும் போத்தலையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அட்டெனலோல் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, ஆகவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குளிசையை நீங்களாகவே சட்டென்று நிறுத்த வேண்டாம். பிரஷர் எகிறும், நெஞ்சுவலியும் வரக்கூடும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்தச் சொல்லுங்கள். உள்ளே இறங்குவது குறையும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு சகோதரி: கணவருக்கு 45. பெரிய குறட்டை. நடுவில் மூச்சு நின்று, பிறகு திடுக்கிட்டு இழுப்பார். வோச்சில் 38க்கு இறங்கி 95க்கு ஏறுது. மோட்டார் சைக்கிள் ஓடும்போதே கண் சொருகுதாம்.

இரவின் மெதுத் துடிப்புக்கும் பகல் களைப்புக்கும் உண்மையிலேயே ஒரே காரணம் இருக்கக்கூடியது இங்கேதான். தொண்டை அடைபட்டு மூச்சு நிற்கும்போது ஒக்சிசன் குறைகிறது, இதயம் மெதுவாகிறது. மூச்சு திரும்பியதும் உடம்பு அரைகுறையாக விழித்து, துடிப்பு எகிறுகிறது. ஒரே இரவில் இது நூறு தடவைக்கு மேலும் நடக்கலாம். எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காத உடம்பு அது. தூங்கும்போது மூச்சையும் ஒக்சிசனையும் பதிந்து பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி செய்ய வேண்டும் என்று டொக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். உறுதியானால் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சீபாப் இயந்திரம் இருக்கிறது. மூச்சு சரியானால் இரவுத் துடிப்பும் பெரும்பாலும் தானாகவே சரிவரும். அதுவரை பக்கவாட்டில் படுக்கட்டும், இரவில் சாராயம் வேண்டாம். சகோதரி, சைக்கிள் சாவியை நீங்கள் வாங்கி வையுங்கள். எனக்கு அவரது இதயத்தைவிட அந்த ரோட்டுத்தான் பயமாக இருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து: வயது 34, நாடி 52. முடி கொட்டுது, உடம்பு போடுது, சித்திரை வெயிலிலும் குளிருது.

தைரொயிட் குறைவாக இருக்கலாம். டி.எஸ்.எச். என்ற தைரொயிட் இரத்தப் பரிசோதனை பாருங்கள். கூடவே இரத்தச்சோகைக்கு, இரத்த அணுக்களை எண்ணும் எஃப்.பி.சி.யும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும். சோற்றோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

வெல்லாவெளியிலிருந்து ஒரு மகன்: அம்மாவுக்கு 71. இரண்டு தரம் மயங்கி விழுந்தா. உடம்பில் மாட்டி நாள் முழுக்க ஈ.சி.ஜி. பதியும் ஹோல்டரில் பகலிலேயே நாலு செக்கன் இதயம் நின்றிருக்கு. பேஸ்மேக்கர் வைக்கச் சொல்கிறார்கள், அம்மா மாட்டேன் என்கிறா.

மகன், கல்லடித் தம்பிக்கு இரவின் மெதுத் துடிப்பு பிரச்சினை இல்லை என்றேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். விழித்திருக்கும்போது நிற்பதும் மயங்கி விழுவதும் தூக்கத்தில் மெதுவாவதைப் போன்றவை அல்ல. அம்மாவிடம் ஆர்னே லார்சன் கதையைச் சொல்லுங்கள். 1958இல் சுவீடனில் உலகத்திலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர், அதாவது இதயத்தைத் துடிக்க வைக்கும் சின்ன மின்பெட்டி, வைக்கப்பட்டவர். பெட்டியை இருபது தடவைக்கு மேல் மாற்றி மாற்றி, 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். இப்போதைய பெட்டி பல வருடம் தாங்கும். கைத்தொலைபேசியை நெஞ்சுப் பையில் வைக்காமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் போதும், ரீவியும் அடுப்பும் ஒன்றும் செய்யாது. அதற்கிடையில் திரும்ப விழுந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். வைத்த பிறகு சில வாரம் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, பாரமும் வேண்டாம். கிணற்றில் தண்ணி அள்ளுவதை அதுவரை நீங்கள் பாருங்கள்.