வாக்களிப்புப் பதிவை வைத்து ஒரு உறுப்பினரை விமர்சிப்பது என்றால் என்ன?

ஒரு மசோதா அவைக்கு வரும்போது உறுப்பினர் ஆதரித்தாரா, எதிர்த்தாரா, அந்தப் பக்கமே வரவில்லையா என்ற கணக்குதான் வாக்களிப்புப் பதிவு. அவர் மறுபடி தேர்தலில் நிற்கும்போது எதிராளி முதலில் புரட்டுவது இதைத்தான். புதிதாக நிற்பவரிடம் வாக்குறுதி மட்டும் இருக்கும். பதவியில் இருந்தவரிடம் சாட்சியே இருக்கிறது. மேடையில் பேசியதை மாற்றிச் சொல்லலாம், அவைக் குறிப்பில் ஏறியதை மாற்ற முடியாது.

சிக்கல் என்னவென்றால், ஒரே மசோதாவில் பத்து விஷயம் இருக்கும். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை பிடிக்காமல் கையெழுத்துப் போட மறுத்தால், "இவருக்கு வீடே வேண்டாமாம்" என்று ஒருவர் சொல்வதுபோல ஆகிவிடும்.

அமெரிக்காவில் 2004 தேர்தலில் அதிபர் புஷ்ஷை எதிர்த்து நின்ற செனட் (மேலவை) உறுப்பினர் ஜான் கெர்ரிக்கு நடந்தது இதுதான். ஈராக், ஆப்கானிஸ்தான் செலவுக்கான 8,700 கோடி டாலர் மசோதா. பணக்காரர்களுக்கான வரிச்சலுகையைக் குறைத்து அந்தப் பணத்தைத் திரட்டலாம் என்ற திருத்தத்தை ஆதரித்தார்; அது தோற்றதும் இறுதி மசோதாவை எதிர்த்தார். நியாயமான விளக்கம்தான். ஆனால் "முதலில் ஆதரித்தேன், அப்புறம் எதிர்த்தேன்" என்று அவரே சொல்லிவிட, புஷ் தரப்பு அதை அப்படியே விளம்பரமாக்கியது.

இந்தியாவில் இந்த ஆயுதம் கொஞ்சம் மழுங்கல். இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறினால் 1985-ன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். பல மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடும்; அதில் யார் எப்படி வாக்களித்தார் என்று பெயர்வாரியாகப் பதிவாகாது.

இன்னொன்று, "வாக்களிக்கவில்லை" என்பதைப் பலர் "எதிர்த்தார்" என்றே படித்துவிடுகிறார்கள். அன்று அவர் வெளியூர்ப் பிரசாரத்தில்கூட இருந்திருக்கலாம்.