பங்காளிச் சண்டை

அன்புள்ள ஐயா,

சூரசம்ஹாரம் பார்க்க மகளைப் பழனிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். திரும்பும் வழியில், "பாற்கடலைக் கடைந்தபோது அசுரர்களும்தானே கயிறு இழுத்தார்கள், அவர்களுக்கு ஏன் அமுதம் தரவில்லை?" என்று கேட்டாள். அசுரர் என்போர் தோற்கடிக்கப்பட்ட நம் முன்னோர் என்கிறார் நண்பர். நான் அவளுக்கு என்ன சொல்வது?

க., காங்கயம்

அன்புள்ள க.,

ரிக் வேதத்தில் வருணனையும் இந்திரனையுமே அசுரன் என்று அழைக்கும் இடங்கள் உண்டு என்று நண்பரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு அது போதும். என் வருத்தம் உங்கள் மேல்தான். வடக்குக் கிரிவீதியில் தாரகன் விழுவதிலிருந்து மேற்குக் கிரிவீதியில் சூரன் விழுவது வரை கூட்டத்தில் இடிபட்டுப் பார்த்த நீங்கள், விழுகிறவன் யாருக்கு என்ன உறவு என்பதைக்கூட அந்தக் குழந்தைக்குச் சொல்லவில்லை. காசிப முனிவருக்கு அதிதியிடம் பிறந்தவன் இந்திரன். அதே காசிபருக்கு மாயையிடம் பிறந்தவர்கள் சூரபத்மனும் சிங்கமுகனும் தாரகனும். ஒரு தகப்பன் மக்கள். நம் பக்கத்தில் இதற்குப் பங்காளிச் சண்டை என்று பெயர்.

அம்மாவைப் பெற்ற என் அப்புச்சிக்கும் அவருடைய பெரியப்பன் மகனுக்கும் ஒரு கூட்டுக்கிணறு இருந்தது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து பாறை உடைத்து, மண் சுமந்து வெட்டிய கிணறு; தண்ணீர் ஊறிய பிறகுதான் முறைக்கணக்கில் தகராறு வந்தது. ஒரு சித்திரை மாதம், அந்தப் பெரியப்பன் மகனின் முறை நாளில், விடிவதற்கு முன்பே அப்புச்சி மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டினார். தண்ணீர்ச் சால் மேலே வந்து கொட்டுகிற சத்தம் பக்கத்துச் சாளை வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று தொட்டியில் ஈரச்சாக்கை மடித்துப் போட்டிருந்தார். வடத்தின்மேல் உட்கார்ந்திருந்த நான், இது திருட்டில்லையா என்று கேட்டேன். "போன வாரம் அவன் எடுத்ததத்தான் கண்ணு நான் எடுக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு இருவரும் சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அப்புச்சி போனபோது, உயிருக்குயிராகப் பழகிய மச்சினன்மார் குளித்துவிட்டு வீடு போய்ச் சேர, அந்தப் பங்காளிதான் தலையை மழித்துக்கொண்டு கடைசி நாள் வரை தீட்டுக் காத்தார்.

கந்தபுராணத்தைப் படிக்காமலேயே அதைப் பற்றிப் பேசுகிறவர்கள், முருகன் சூரனைக் கொன்றான் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கொல்லவில்லை. கடலில் மாமரமாய் நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்தது; ஒரு பாதி மயிலாயிற்று, மறுபாதி சேவலாயிற்று. ஒன்றின்மேல் முருகன் ஏறிக்கொண்டான், மற்றதைக் கொடியில் வைத்துக்கொண்டான். அதற்கும் முன்னால், போர்க்களத்திலேயே, "பாலனென் றிருந்தேன் அந்நாள்" என்று சூரன் வியந்து நிற்கிற இடத்தைக் கந்தபுராணம் பாடிய கச்சியப்பர் எழுதியிருக்கிறார். சிங்கமுகனோ தேவர்களைச் சிறையிலிருந்து விட்டுவிடும்படி அண்ணனிடம் மன்றாடியவன். அண்ணன் கேட்கவில்லை என்று தெரிந்தும், அந்த அண்ணனுக்காகவே களத்துக்குப் போய் மாண்டான். கிரிவீதியில் சிங்கத்தலை கழன்று விழும்போது கைதட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. நீங்களும் தட்டினீர்களா?

அமுத விஷயத்தில் உங்கள் மகள் சொல்வதே சரி. கயிறாக இருந்த வாசுகிப் பாம்பின் தலைப்பக்கம் நின்று நச்சுமூச்சில் வெந்தவர்கள் அசுரர்கள். மோகினியாக வந்து திருமால் செய்தது வஞ்சனை. புராணம் அதை மூடி மறைக்கவில்லை, நீங்கள் ஏன் மறைக்க வேண்டும்? அவளுக்குக் கந்தபுராணத்தின் யுத்த காண்டத்தைச் சொல்லத் தொடங்குங்கள், சிங்கமுகன் அண்ணனை விட்டுக் களத்துக்குப் புறப்படுகிற இடத்திலிருந்து.