நல்ல கையைக் கட்டிவைத்துப் பயிற்சி தரலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. ஒருபக்கப் பெருமூளை வாதத்தால் இடது கையும் காலும் பலவீனமாக உள்ளன. நல்ல கையைக் கட்டிவைத்துப் பயிற்சி தரலாம் என்கிறது ஒரு மையம். ஸ்டெம்செல் (வேறு செல்களாக மாறக்கூடிய மூலச்செல்) ஊசி போட்டால் மூளையே சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எதை நம்புவது?

பதில்: முதலாவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, இரண்டாவதை இன்றே விட்டுவிடுங்கள்.

மூளையின் வலப்பக்கப் பாதிப்பால் உங்கள் மகளின் இடது கை வலுவிழந்திருக்கிறது. அதோடு, வலது கை எல்லா வேலையையும் முந்திக்கொண்டு செய்துவிடுவதால், இடது கை தன்னால் முடிந்ததைக்கூடச் செய்யப் பழகுவதில்லை. வலது கையைக் கட்டிவைப்பது, அதாவது அதற்குக் கையுறை மாட்டிவைப்பது, இந்த வழக்கத்தை உடைப்பதற்காகத்தான். ஆனால் கையுறை மட்டும் எதையும் குணப்படுத்தாது. அந்த நேரத்தில் குழந்தை விரும்பிச் செய்யும் வேலைகளும் விளையாட்டுகளும், அவை சிறிது சிறிதாகக் கடினமாக்கப்படுவதும்தான் பயன் தருகின்றன. இரு கைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் பயிற்சியை அதே அளவு நேரம் கொடுத்தாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கிறது.

நேரத்தின் அளவுதான் முக்கியம். சில வாரங்களுக்குள் மொத்தம் 30 முதல் 40 மணி நேரம் வேண்டும். வாரத்துக்கு அரைமணி நேரம் வரச் சொன்னால் 40 மணி நேரம் சேர 80 வாரங்கள் ஆகும். இதைத் தெரிந்துகொண்டே பெற்றோரை ஆண்டுக்கணக்கில் அலையவிடும் ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. தெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தால் இதில் பெரும்பகுதியை நீங்களே வீட்டில் செய்யலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. உங்கள் மகளுக்குக் காலும் பலவீனம் என்பதால், தடுமாறி விழும்போது ஊன்றிக்கொள்ள வலது கைதான் இருக்கிறது. ஆகவே உட்கார்ந்து செய்யும் வேலைகளுக்கு மட்டும் கையுறை மாட்டுங்கள். எழுந்து நடக்கும்போது, படியேறும்போது, ஓடி விளையாடும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள். நாள் முழுவதும் மாவுக்கட்டு போட்டுவைக்கலாம் என்று யார் சொன்னாலும், அவள் நடப்பதை முதலில் நேரில் பார்க்கச் சொல்லுங்கள்.

காலுக்கும் நடப்பதும் படியேறுவதும் எழுந்து உட்காருவதும்தான் பயிற்சி. குழந்தை சும்மா படுத்திருக்க, மசாஜ் செய்வதும் பிறர் நீட்டி மடக்குவதும் திறமையை வளர்ப்பதில்லை.

மூளையைச் சரிசெய்வதாகச் சொல்லி ஆள் சேர்ப்பவர்களிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். அவர்கள் காட்டும் 'சிகிச்சைக்கு முன், பின்' வீடியோக்களில் குழந்தை வளர்ந்திருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. உயர் அழுத்த ஆக்ஸிஜன் சிகிச்சையும் இப்படித்தான் விற்கப்பட்டது. 2001-இல் வெளியான ஆய்வில், சற்றே அழுத்தம் கூட்டிய சாதாரணக் காற்றைச் சுவாசித்த குழந்தைகளும் ஆக்ஸிஜன் பெற்ற குழந்தைகள் அளவுக்கே முன்னேறினார்கள். பரிசோதனை நிலையில் உள்ள ஊசிக்கு உங்களிடம் பணம் கேட்பதே அதை மறுக்கப் போதுமான காரணம். அழைத்துச் செல்பவருக்கு அதில் எவ்வளவு தரகு என்றும் கேளுங்கள்.

அந்த மையத்திடம் மூன்றைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்: மொத்தம் எத்தனை மணி நேரம், முடியும்போது என் மகள் புதிதாக எந்த வேலையைச் செய்வாள், வீட்டில் நான் செய்ய வேண்டியதை யார் கற்றுத்தருவார்கள்?