தானியங்கிச் சோதனை வந்தபின் ஆளுக்கு என்ன வேலை? தலைஞாயிற்றுத் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் மென்பொருள் சோதனைத் துறைக்குப் போக ஆசைப்படுகிறார். "அதெல்லாம் இப்போது தானாகவே நடக்கிறதாமே, அங்கே ஆளுக்கு என்ன வேலை?" என்று உறவினர் ஒருவர் கேட்டதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். உறவினர் சொன்னதில் பாதி உண்மை. திரையைத் திறந்து பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கும் வேலை சுருங்கி வருகிறது. அதை நம்பிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். எதைச் சோதிப்பது, எந்த மாற்றம் நடந்தால் அந்தச் சோதனை ஓட வேண்டும் என்று யோசித்து எழுதும் வேலைக்கு அனுப்புங்கள்.

நீங்கள் கடைமடை விவசாயி. உங்களுக்கு இது எளிதில் புரியும். மேட்டூரில் ஷட்டர் திறந்த செய்தி வந்ததும், கல்லணையில் வெண்ணாற்றுக்கு எவ்வளவு விட்டார்கள் என்று விசாரிக்கிறீர்கள். மண்வெட்டியோடு மதகுக்குப் போகிறீர்கள். உங்கள் வயலில் நீங்கள் எதையும் மாற்றவில்லை. மாறியது மேலே. மென்பொருளிலும் அப்படித்தான். ஒரு நிரல், பிறர் எழுதிய பல லைப்ரரிகளை, அதாவது பலரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் துண்டுகளை, சார்ந்தே ஓடுகிறது. ஆற்றின் மேல்பக்கத்தைக் குறிக்கும் 'அப்ஸ்ட்ரீம்' என்ற சொல்லால்தான் அத்துறையினரும் அவற்றின் மூலத்தைச் சொல்கிறார்கள்.

மேலே ஒன்று மாறினால் கீழே என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2016 மார்ச்சில் 'லெஃப்ட்பேட்' என்ற 11 வரி லைப்ரரியை, எழுதியவரே என்.பி.எம். என்ற பொது நிரல் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். தங்கள் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதவர்களின் திட்டங்கள் உலகெங்கும் உடைந்து நின்றன.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு. அதில் ஒவ்வொரு மென்பொருளும் நிறுவத் தயாரான ஒரு தொகுப்பாக வருகிறது. ஒரு லைப்ரரியின் புதிய பதிப்பு, புதியவை முதலில் வந்து சேரும் 'அன்ஸ்டேபிள்' பிரிவில் வந்து சேர்ந்ததும், அதன் சொந்தச் சோதனையோடு அதைச் சார்ந்திருக்கும் தொகுப்புகளின் சோதனைகளும் தாமாக ஓடுகின்றன. முன்பு தேறிய சோதனை இப்போது தோற்றால், புதிய பதிப்பு, அடுத்த கட்டமான 'டெஸ்டிங்' பிரிவுக்குள் போகாமல் நிறுத்தப்படுகிறது. ஓட்டுவது இயந்திரம். ஆனால் அந்தச் சோதனையை முன்கூட்டியே ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும். தோற்றால் குற்றம் லைப்ரரியிலா, சார்ந்த தொகுப்பிலா, சோதனையிலேயா என்று துருவிப் பார்க்கவும் ஆள் வேண்டும். காரணமில்லாமல் ஒரு நாள் தேறி மறுநாள் தோற்கும் சோதனைகளும் உண்டு. அவற்றைச் சீர்செய்யாவிட்டால் எந்த முடிவையும் யாரும் நம்பமாட்டார்கள். பொறுமையும் சந்தேக புத்தியும் உள்ள பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை இது. உங்கள் மகள் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவர் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் நம்பிக்கை தருகிறது.

கல்லூரி முடியும்வரை அவர் செய்யக்கூடியது: நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஷெல், பைத்தான் நிரல்மொழி மூன்றையும் கையில் பிடிபடும்வரை பழகட்டும். வீட்டிலிருக்கும் மடிக்கணினியில் மெய்நிகர் இயந்திரம் (கணினிக்குள்ளேயே ஓடும் இன்னொரு கணினி) அமைத்து டெபியனை நிறுவட்டும். சோதனை இல்லாத சிறு தொகுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நிறுவிய நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் பத்து வரிச் சோதனையை எழுதி, அதைப் பராமரிப்பவருக்கு அனுப்பட்டும். திருத்தச் சொல்லித் திரும்பி வரலாம், பதிலே வராமலும் போகலாம். அடுத்த தொகுப்புக்குப் போகட்டும். ஏற்கப்பட்டால் அது அவர் பெயரோடு எல்லோரும் பார்க்கும்படி நிற்கும். நேர்முகத் தேர்வில் காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. இதற்குக் கட்டணம் இல்லை, பட்டமும் கேட்கமாட்டார்கள்.

அதனால்தான், வேலை உறுதி என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையத்துக்காக நகையை அடகு வைக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு, வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

முதல் வேலைக்கு அவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக நேரலாம். அதற்கு இப்போதே மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். அறிவிப்புகளில் 'டெஸ்ட் ஆட்டோமேஷன்', 'டெவ்ஆப்ஸ்', 'ரிலீஸ் இன்ஜினியர்' என்ற பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். முதல் சோதனையை எழுதியதும், எந்தத் தொகுப்பு, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.