மேலே பார்த்தால் 'ஓம்'

வணக்கம் அக்கா,

நான் புதுக்குடியிருப்புப் பக்கம் முன்பள்ளி ஆசிரியை. என்னிடம் படிக்கும் ஐந்து வயதுப் பொடியன் ஒருவனுக்குப் பெருமூளை வாதம். கதைக்க மாட்டான், ஆனால் எல்லாம் விளங்கும். சளி நெஞ்சில் கட்டி அடிக்கடி ஆஸ்பத்திரி வாட்டில் மறிக்கிறார்கள். ஊசித் தட்டத்தைக் கண்டாலே உடம்பு விறைத்துவிடுகிறது. இரவில் நிற்கும் தாதி மிஸ்மாரில் சிலருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். பெற்றோர் சேர்ந்து கொஞ்சக் காசு சேர்த்திருக்கிறோம். பிள்ளைகள் வாட்டுக்கு என்ன விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கலாம்?

அன்பின் ஆசிரியைக்கு,

வாங்குங்கள், ஆனால் முழுக்காசையும் சாமானில் போடாதீர்கள். முதலில் வாட் சிஸ்டரைக் கேளுங்கள். பஞ்சடைத்த பெரிய கரடி வேண்டாம். ஒரு பிள்ளையின் சளி அதில் ஊறினால் துடைத்து எடுக்க முடியாது, அது அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைக்கக்கூடிய பிளாஸ்டிக் சாமான் போதும். டொய்லெட் கடதாசிச் சுருளின் நடுக்குழாய்க்குள் போகிற எதையும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். கையுறையை ஊதிப் பலூனாகக் கொடுப்பதும் கூடாது. வெடித்த துண்டு தொண்டையில் ஒட்டினால் எடுப்பது பெரும் பாடு.

உங்கள் பொடியனுக்குத் தேவையானது ஒரு துணிப்பொம்மை. பழைய வெள்ளைப் பருத்திச் சீலையில் ஒரு முழ நீளத்தில் தையுங்கள். கை கால் தெளிவாகத் தெரியட்டும், முகத்தை வெறுமையாக விடுங்கள். சிரித்த முகம் தைத்தால் பிள்ளையும் சிரிக்கவேண்டும் என்று சொல்வதுபோல் ஆகும். முகத்தை அவனே தெரிவுசெய்யட்டும்: அழுகிற முகம், கோபமுகம், பேசாத முகம் என்று வரைந்து காட்டிக் கேளுங்கள். அந்தப் பொம்மை அவனுக்கு மட்டும், வேறு பிள்ளைக்குக் கைமாறக் கூடாது.

மிஸ்ஸிடம் ஊசியில்லாத புதுச் சிரிஞ்ச், பஞ்சு, பிளாஸ்டர் கேட்டு வாங்கலாம். பாவித்தது எதையும் தொடவேண்டாம். சிரிஞ்சின் சின்ன மூடியைக் கையோடு எறிந்துவிடுங்கள். பிறகு கனூலா, அதாவது மருந்து ஏற்றக் கை நாளத்தில் வைக்கும் சின்னக் குழாய், போடுவதை, பிள்ளை உணரப்போகும் ஒழுங்கிலேயே பொம்மைக்குச் செய்து காட்டுங்கள். கையில் பட்டி இறுகும். ஸ்பிரிட் குளிரும், மணக்கும். குத்தும்போது நோகும். பிளாஸ்டர் ஒட்டும். அவனது கையைப் பிடித்து அவனையே பஞ்சால் துடைக்க விடுங்கள். முகத்தைத் திருப்பினால் அத்தோடு நிறுத்துங்கள், வற்புறுத்தினால் அது விளையாட்டு இல்லை. சின்னப் பிள்ளைக்கு முதல்நாளே சொன்னால் இரவு முழுக்கப் பயந்துகொண்டு கிடக்கும். அரை மணித்தியாலம் முன்னே சொல்வது போதும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு முதல்நாளே சொல்லலாம்.

எங்கள் பக்கம் இரண்டு சொல் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஒன்று, "நோகாது." மற்றது, "குழப்படி செய்தால் மிஸ் ஊசி போடுவா." முதலாவது பொய், அடுத்தமுறை அம்மா சொல்வது எதையும் பிள்ளை நம்பாது. இரண்டாவது, மருந்தைத் தண்டனையாக்கிவிடுகிறது. "நோகும். நான் பிடிச்சுக்கொண்டிருப்பன். அழலாம், கையை மட்டும் ஆட்டாதேங்கோ" என்று சொல்லுங்கள். பெருமூளை வாதமுள்ள பிள்ளை பயந்தால் தசை தானாக இறுகும், கை ஆடும், அது குழப்படி இல்லை. இதை மிஸ்ஸுக்கும் சொல்லவேண்டும். நாலுபேர் அமத்திப் படுக்கவைத்தால் இன்னும் இறுகும். தாயின் மடியில், நெஞ்சோடு நெஞ்சாக இருத்தி, ஒரு கையை மட்டும் நீட்டிப் பிடிக்கலாமா என்று கேளுங்கள். அந்த நேரம் ஒரு ஆள் மட்டும் கதைக்கட்டும். முடிந்தால் ஊசி கட்டிலில் வேண்டாம், சிகிச்சை அறையில் போடட்டும். கட்டில் பயமில்லாத இடமாக இருக்கட்டும்.

சவர்க்காரக் குமிழி நல்ல விளையாட்டு, நீள மூச்சு விடவைக்கும். ஆனால் விழுங்கக் கஷ்டப்படும் பிள்ளைக்குக் குழாய் கொடுக்காதீர்கள், உறிஞ்சிவிடும். நீங்கள் ஊதுங்கள், அவன் கண்ணால் துரத்தட்டும்.

இனிப் பேச்சு. அவனுக்கு 'ஓம்' என்பதற்கு ஒரு அசைவு வேண்டும். கண் சிமிட்டலை வைக்காதீர்கள், அது எல்லோருக்கும் தானாக வரும். மேலே பார்த்தால் 'ஓம்', தலையை ஒரு பக்கம் திருப்பினால் 'இல்லை' என்பதுபோல், அவனால் நினைத்துச் செய்யக்கூடியதை வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. "வயிறு நோகுதா, தலை நோகுதா?" என்று சேர்த்துக் கேட்டால் ஓம் எதற்கென்று தெரியாது. கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவசரப்பட்டு இரண்டாம்தரம் கேட்டால், வந்துகொண்டிருந்த பதில் குழம்பும். அநேகர் தவறுவது இங்கேதான்.

போஸ்ட்காட் அளவு மட்டையில் எட்டுப் படம் போதும்: நோகுது, தண்ணீர், மலசலகூடம், அம்மா, குளிருது, நிறுத்து, இன்னும் வேணும், பொம்மை. கறுப்புத் தடித்த கோடு, வெள்ளைப் பின்னணி. பொலித்தீன் ஒட்டினால் துடைக்கலாம். இரண்டு இரண்டாக, ஒரு அடி இடைவெளியில், அவன் கண்மட்டத்தில் பிடித்து எதைப் பார்க்கிறான் என்று பாருங்கள். ஒவ்வொன்றின் கீழும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். 'நோகுது' படத்தின் கீழ் 'ரிதெனவா' என்று இருந்தால் இரவு மிஸ்ஸுக்கு உடனே பிடிபடும்.

நோவை அளக்கவும் வழி உண்டு. சொல்லத் தெரியாத பிள்ளைக்கு முகம், கால், அசைவு, அழுகை, ஆற்றினால் ஆறுகிறானா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டு, மொத்தம் பத்துக்குக் கணக்கிடுவார்கள். ஆனால் இவன் கால் சும்மா இருக்கையிலும் விறைக்கும், அதை நோவென்று எண்ணிவிடலாம். அவனது வழமை என்ன, நோகும்போது என்ன மாறும் என்று தாயிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

காசில் மிச்சத்தை இந்தப் பட மட்டைகளுக்கும், அவனைப் பற்றி எழுதிய இரண்டு அட்டைகளுக்கும் செலவழியுங்கள். ஒன்று கட்டில் தலைமாட்டில்: "எனக்கு எல்லாம் விளங்கும். என்னோடு கதையுங்கள். மேலே பார்த்தால் 'ஓம்'." மற்றது கிளினிக் கொப்பிக்குள், அடுத்தமுறை தேடாமல் எடுக்க.

வீட்டுக்கு வந்தபின் அவன் அதே விளையாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பான். கையைப் பிடித்து உதவுங்கள், போதும் என்று அவனே தலையைத் திருப்பும்வரை.