இணைப்புத் தண்டு இறுகினால் துளையில் கைவைக்காதீர்கள்

கேள்வி: பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயில் ஓடிய 5700 வகை பேனியர் டாங்க் (இருபுறமும் தண்ணீர்த் தொட்டி தொங்கும்) இன்ஜினின் மாதிரியை, டபுள் ஓ எனும் மாதிரி ரயில் அளவில், பித்தளைத் தகட்டு கிட்டிலிருந்து கட்டி வருகிறேன். சக்கரங்கள் தனியே நன்றாகச் சுழல்கின்றன. சக்கரங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இணைப்புத் தண்டுகளை மாட்டியதும் ஒவ்வொரு சுற்றிலும் சில இடங்களில் இறுகி நிற்கின்றன. கிராங்க் கோணத்தை (ஓர் அச்சின் இருபக்கக் கிராங்குகளுக்கு இடையிலுள்ள கோணம்) மூன்று முறை மாற்றிவிட்டேன். தண்டின் துளைகளை அரத்தால் பெரிதாக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். துளையைப் பெரிதாக்கினால் இறுக்கம் போகும், கோளாறு போகாது. என் முதல் இன்ஜினில் அதைத்தான் செய்தேன். ஓடியது, ஆனால் கடைசிவரை ஆடி ஆடியே ஓடியது.

மோட்டாரைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை விரலால் மெல்ல உருட்டி, எந்த இடத்தில் இறுகுகிறது என்று கவனியுங்கள். ஒரு பக்கத்துக் கிராங்க் பின்கள் (சக்கரத்தில் தண்டை மாட்டும் முளைகள்) முன்கோடியிலோ பின்கோடியிலோ, அச்சுகளோடு ஒரே நேர்கோட்டில் வரும்போது இறுகினால், அச்சுகளின் இடைவெளியும் தண்டுத் துளைகளின் இடைவெளியும் ஒன்றாக இல்லை. அந்த நிலையைக் கடந்து, கிடைக்கும் நெட்டுக்கும் ஏறத்தாழ நடுவான சாய்வில் இறுகினால்தான் கோணம் பிசகியிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் என்றால், ஏதோ ஒரு கிராங்க் பின் சாய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

ஐயம் தீர இன்னொரு சோதனை உண்டு. ஒரு பக்கத் தண்டை மட்டும் மாட்டி உருட்டுங்கள். மறுபக்கத்தில் தண்டே இல்லாதபோது கோணத்துக்கு இங்கே வேலை இல்லை. அப்போதும் இறுகினால் இடைவெளி அல்லது கிராங்க் பின்தான் காரணம். தண்டு நடுவில் மூட்டு வைத்து இரு துண்டுகளாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டிரண்டு அச்சாகச் சோதிக்கலாம். நீங்கள் மூன்று முறை கோணத்தை மாற்றியும் பலனில்லை என்பதால், என் சந்தேகம் இடைவெளி மேல்தான்.

இந்த இன்ஜினில் ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. அச்சுகளின் இடைவெளி ஒன்றல்ல: முன்பக்கம் 7 அடி 3 அங்குலம், பின்பக்கம் 8 அடி 3 அங்குலம். ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற நம் அளவில் 29, 33 மில்லிமீட்டர். தண்டு முன்பின் மாறவில்லையே என்று முதலில் பாருங்கள்.

இடைவெளியைத் திருத்த, அளவுகோலை நம்பாமல் தண்டையே அளவாகக் கொள்ளுங்கள். இரு தண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, துளைகளில் டிரில் பிட்டின் காம்பைச் செருகிப் பாருங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும். பிறகு முனை மெலிந்த ஜிக் அச்சுகளை (பொருத்திப் பார்க்க மட்டும் உதவும் தற்காலிக அச்சுகள்) புஷ்களுக்குள், அதாவது சட்டத்தில் அச்சைத் தாங்கும் வளையங்களுக்குள், விட்டு, அந்த முனைகளில் தண்டுகளை மாட்டுங்கள். பிசகிய புஷ்ஷின் சால்டரை உருக்கி, சட்டத்தின் துளையை வேண்டிய பக்கம் மட்டும் சற்று அரவி, தண்டு இழுக்கும் இடத்தில் புஷ்ஷை மீண்டும் பற்றவையுங்கள். அரத்துக்கு உரிய இடம் சட்டம்தான்.

கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது சரியாக 90 பாகையாக இருக்க வேண்டும் என்று பலர் தவிக்கிறார்கள். 88 ஆனாலும் ஓடும், மூன்று அச்சுகளிலும் அதே 88 இருந்தால். கியர் ஏறும் அச்சை மாற்றாமல் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அதற்கு ஒப்பச் சரிசெய்யுங்கள். அழுத்திப் பொருத்தும் சக்கரமென்றால் அடிக்கடி திருகாதீர்கள். அச்சில் பிடிமானம் தளர்ந்துவிடும்.

இவ்வளவும் சரியான பிறகு, மயிரிழை அளவு இளக்கத்துக்காகத் தண்டின் துளையைப் புரோச்சால் (துளையை மெல்லச் சுரண்டிப் பெரிதாக்கும் ஊசி போன்ற கருவி) ஒன்றிரண்டு திருப்பு திருப்பலாம். கடைசியில், தண்டு கழன்றுவிடாமல் கிராங்க் பின்னில் வாஷரைப் பற்றவைக்கும்போது, எண்ணெய் தோய்ந்த மெல்லிய காகிதத் துண்டை அதற்கும் தண்டுக்கும் நடுவில் வையுங்கள். சால்டர் உள்ளே ஓடித் தண்டைக் கிராங்க் பின்னோடு ஒட்டிவிடாது. பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்துவிட்டு, மோட்டார் இல்லாமலே, சற்றே சாய்த்த கண்ணாடித் தகட்டில் வண்டியை விடுங்கள். தானாக உருண்டு இறங்கினால் மோட்டாரைப் பூட்டலாம்.