மெஸ்ஸோ-சோப்ரானோ ஆக விரும்பும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, வணக்கம். பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் மேற்கத்திய செவ்விசைப் பாட்டுதான் தன் தொழில் என்று உறுதியாக இருக்கிறாள். அவளுடையது மெஸ்ஸோ-சோப்ரானோ குரல் என்று ஆசிரியரும் சொல்லிவிட்டார். வீட்டை அடமானம் வைத்தாவது லண்டனுக்கு அனுப்பலாமா, பிற்பாடு பிழைப்புக்கு வழி இருக்குமா என்று கேட்கிறீர்கள். அனுப்பலாம் அம்மா. ஆனால் இப்போது வேண்டாம்.

பெண்குரலில் உயரமானது சோப்ரானோ, தாழ்ந்தது கான்ட்ரால்டோ, இரண்டுக்கும் நடுவில் மெஸ்ஸோ. 17 வயதில் ஒரு பெண்ணை இந்த வகை என்று முடிவு கட்டுவது அவசரம். மேல் ஸ்வரங்கள் இன்னும் திறக்காததாலேயே மெஸ்ஸோ மாதிரி ஒலிக்கும் பெண்கள் நிறைய. அவர்களில் சிலர் பின்னால் சோப்ரானோ ஆகிவிடுகிறார்கள். உண்மையான மெஸ்ஸோ குரலும் முப்பதை ஒட்டித்தான் முழுமையடைகிறது. அதுவரை நெஞ்சுக் குரலை, அதாவது தாழ்ந்த ஸ்வரங்களில் நெஞ்சில் அதிரும் குரலை, அழுத்தி, கனமாகக் காட்டிப் பாட வைக்கும் ஆசிரியரிடம் மட்டும் கவனமாக இருங்கள்.

அதனால் பெரிய பணத்தை முதுகலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் கன்சர்வேட்டரிகளில், அதாவது இசைக் கல்லூரிகளில், வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணமே ஆண்டுக்கு 25,000 பவுண்டைத் தாண்டும். சாப்பாடு, வாடகை தனி. ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். எங்கே போனாலும் ஜெர்மன் மொழி வேண்டும். அதை இங்கேயே, இந்த வருடமே தொடங்கலாம்.

தாமதமாகத் தொடங்கினால் பின்தங்கிவிடுவாளோ என்று பயப்படாதீர்கள். இங்கிலாந்தின் ஜேனட் பேக்கர் பள்ளி முடித்ததும் வங்கியில் வேலை பார்த்தவர். அமெரிக்காவின் ஜாய்ஸ் டிடொனாட்டோ பள்ளி இசையாசிரியை ஆவதற்காகப் படித்தவர். இருவரும் அவரவர் தலைமுறையின் முதல் வரிசை மெஸ்ஸோக்கள்.

சரி, வருமானம். ஓபெரா என்பது முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம். ஜெர்மனியில் பொது நிதியில் நடக்கும் ஓபெரா அரங்குகள் ஏறக்குறைய 80. பலவற்றில் பாடகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். தேவாலயங்களிலும் சேர்ந்திசைக் குழுக்களிலும் கிறிஸ்துமஸுக்கு ஹாண்டலின் மெசையா, ஈஸ்டரை ஒட்டி பாக்கின் மத்தேயு பேஷன் என்று பெரிய சமயப் படைப்புகளில் தனிப்பாடகர் வேலை கிடைக்கும். மீதி, பாட்டு சொல்லிக்கொடுப்பது. பியானோவோடு தனியாகப் பாடும் ரெசைட்டலை மட்டும் நம்பி வாழ்பவர்கள் மிகச் சிலர்.

ஆனால் ஒரு பாடகி யார் என்று தெரிவது அந்த ரெசைட்டலில்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஓபெராவில் மெஸ்ஸோவுக்குப் பாத்திரத்தை வேறொருவர் கொடுப்பார்: தாய், தோழி, போட்டிக்காரி, இல்லையென்றால் பையன் வேடம். ரெசைட்டலில் எதைப் பாடுவது, எதற்குப் பின் எது என்பதெல்லாம் அவள் முடிவு. பேக்கர் 1982இல் ஓபெரா மேடையை விட்ட பிறகும் பல ஆண்டுகள் கச்சேரிகளில் பாடிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். லண்டனில் 1901இல் திறந்த விக்மோர் ஹால் மாதிரி ஒரு சிறிய அரங்கில், ஒரு மணி நேர மதியக் கச்சேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் 1840இல் எழுதிய 'ஃப்ராவன்லீபே உண்ட் லேபன்' என்ற பாடல் தொடரை மெஸ்ஸோக்கள் விரும்பிப் பாடுவார்கள். எட்டுப் பாட்டு, ஒரு பெண்ணின் காதல், திருமணம், குழந்தை, கடைசியில் கணவனின் சாவு. எட்டாவது பாட்டில் குரல் ஓய்ந்ததும் பியானோ முதல் பாட்டின் இசைக்கே திரும்புகிறது. அந்த நேரம் முழுக்கப் பாடகி வாய் திறக்காமல் நிற்க வேண்டும்; கண்ணும் தோளும் தளராமல், அரங்கைப் பிடித்து நிறுத்த வேண்டும். குரலுக்குச் சௌகரியம் என்று நடுவில் ஒரு பாட்டை மட்டும் ஸ்ருதி மாற்றினால் தொடரின் இணைப்பு அங்கேயே அறுந்துவிடும். மாற்றினால் எட்டையும் ஒரே அளவில் மாற்ற வேண்டும். அது முடிந்த கையோடு ஸ்பெயின் இசையமைப்பாளர் ஃபாயாவின் ஏழு ஸ்பானிய நாட்டுப்பாடல்களைத் துள்ளலாக ஆரம்பித்தால், அதுவரை கேட்டது வீணாகிவிடும். நானாக இருந்தால் ஃபாயாவை முன்னால் வைத்து, ஷூமனோடு கச்சேரியை முடிப்பேன். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1947இல் மெஸ்ஸோ நான்சி எவன்ஸுக்காக எழுதிய தாலாட்டுகள் இரண்டுக்கும் நடுவே அழகாக உட்காரும்.

இப்படி யோசிக்கும் புத்தி மகளிடம் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டிப் பதக்கங்களைவிட எனக்கு அதுதான் முக்கியம். அரை மணி நேரத்துக்கு ஒரு நிகழ்ச்சியை அவளையே எழுதச் சொல்லுங்கள்: ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் எந்த ஸ்ருதி, ஏன் அந்த இடம், வரிகளின் பொருள் தன் சொந்தத் தமிழில். இணையத்திலிருந்து எடுத்த மொழிபெயர்ப்பு வேண்டாம்.

அதோடு பியானோவை விடாமல் படிக்கட்டும். இங்கேயே ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் சேரட்டும். மொழி இலக்கியம் என்றால் இன்னும் நல்லது. மும்பையில் பிறந்து லண்டனில் பெயர் பெற்ற சோப்ரானோ பட்ரீஷியா ரொசாரியோ, இந்தியப் பாடகர்களுக்கென்றே 'கிவிங் வாய்ஸ் டு இந்தியா' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியவர். அங்கே ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் நாள் தவறிவிடக் கூடாது: பிரிட்டிஷ் கன்சர்வேட்டரிகளுக்கு விண்ணப்பம் பொதுவாக அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், ஆடிஷன் அந்தக் குளிர்காலத்திலேயே. மகள் எழுதும் நிகழ்ச்சியை எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு அவளிடமே பேசுகிறேன்.